நாலாம் வரிசை காலி

நாக்பூர்
12.8.2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய் பீம். வந்து சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று சென்ட்ரலில் சொன்னேன். ஆறு வாரம் ஆகிவிட்டது. அண்ணல் பௌத்தம் ஏற்ற தீட்சை பூமிக்குப் போனாயா என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். இன்னும் போகவில்லை. அக்டோபரில் கூட்டத்தோடு போகிறேன் என்று சொல்லிவை.

படிப்பைப் பற்றி உனக்கு மட்டும் எழுதுகிறேன், வீட்டில் படித்துக் காட்டாதே. அல்காரிதம் என்று ஒரு பாடம். ஒரு வேலையை எந்த வரிசையில், எத்தனை அடியில் முடிக்கலாம் என்று சொல்வது. புரோகிராம் எழுதச் சொன்னால் எழுதிவிடுகிறேன். ஆயிரம் முறை ஓட்டினாலும் சரியான விடை வருகிறது. மேடம் அதைப் பார்ப்பதே இல்லை. “ஆயிரத்தொன்றாவது முறை?” என்கிறார். எப்போதும் சரியாக வரும் என்பதற்கு நிரூபணம் வேண்டும். முதல் தேர்வில் இருபதுக்கு நான்கு வாங்கினேன்.

மற்றவர்கள் “இது தவறு என்று வைத்துக்கொள்வோம்” என்று தொடங்கி, நான்கே வரியில் அதை உடைத்துக் காட்டிவிடுகிறார்கள். என்னால் அப்படித் தொடங்கவே முடியவில்லை. தவறை வைத்துக்கொண்டு எதையும் தொடங்கும் வசதி நம் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை, அதனாலோ என்னவோ.

அக்டோபருக்குள் ஒரு கட்டுரை தர வேண்டும். புத்தகத்தில் இல்லாத ஒரு வேலை, அதைச் செய்ய ஒரு விதி, அதைவிடக் குறைந்த உழைப்பில் யாராலும் செய்ய முடியாது என்பதற்கு நிரூபணம். பாதி மதிப்பெண் அதற்குத்தான். எனக்குத் தெரிந்த ஒரே வேலை உன்னுடையது. கன்டெய்னர் யார்டில் எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று எப்படி முடிவு செய்கிறாய்? உனக்குச் சாதாரணமாகத் தோன்றுவதையும் விடாமல் எழுது.

மகிழினி

*

வியாசர்பாடி
26.8.2001

பாப்பாவுக்கு அண்ணன் பீம்ராவ் எழுதுவது. ஜெய் பீம். எல்லாரும் சுகம். பெட்டி நம்பர் எழுதிப் பழகின கை இது, பக்கம் பக்கமாக வராது. பிழை இருந்தால் சிரிக்காதே.

நாலுக்கு அழாதே. நம்ம தெரு டில்லிபாபு கணக்கில் நாலு வாங்கினதற்கு அவன் அம்மா கேசரி கிண்டிச்சு.

வேலை இதுதான். லாரி வந்து ஒரு பெட்டியைக் கேட்கிறது. அது அடியில் கிடக்கிறது, மேலே மூன்று. மேலே இருப்பதை நகர்த்தாமல் அது வராது. நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் கிரேனுக்கு டீசல், கிரேன் ஓட்டும் ஜாபர் பாய்க்கு இடுப்பு வலி, லாரிக்காரனுக்குப் பேஜாரு. எந்தப் பெட்டி எப்போது போகும் என்கிற லிஸ்ட் என் பாக்கெட்டில் இருக்கும். நகர்த்துகிற பெட்டியை, அதற்கு அப்புறம் போகிற பெட்டிகள் மட்டும் இருக்கிற அடுக்கு பார்த்து அதன்மேல் வைப்பேன். அவ்வளவுதான். ஒரு தடவை நகர்த்தின பெட்டியை மறுபடி தொட மாட்டேன். நாலு வருஷமாகத் தொட்டதில்லை.

நீ கேட்டது நல்லதாகப் போயிற்று. ஜனவரியில் பம்பாய் ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் கொண்டுவரப் போகிறதாம். எது எங்கே என்று அது சொல்லுமாம். மேனேஜர் தேவப்பிரியம் சார் கூப்பிட்டுச் சொன்னார்: “பீமா, எனக்கு நீ சொன்னா போதும்லே. பம்பாய்க்காரனுக்குக் காயிதம்தாம் வேணும். ஒன் கணக்கு சரிதான்னு படிச்ச ஆளு யாராச்சும் எழுதிக் குடுத்தா, நான் அனுப்பிப் பாக்கேன்.”

இல்லாவிட்டால் நான் பழையபடி அடுக்கின்மேல் ஏறிக் கொக்கி மாட்டப் போக வேண்டியதுதான். தோள் இறங்கினதற்கப்புறம் இடது கை காதுக்கு மேலே ஏறவில்லை. அம்மாவுக்கு இது தெரியாது.

அண்ணன்

*

நாக்பூர்
16.9.2001

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வாய். இரண்டு நோட்டு வீணாக்கிய பிறகு, திங்கட்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தானாக வந்தது. இவ்வளவு சிறியதா என்று நம்ப முடியாமல் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு பெட்டிக்குக் கீழே, அதற்கு முன்னால் போக வேண்டிய பெட்டி ஒன்று இருக்கிறது என்றால், மேலே இருப்பது ஒரு தடவையாவது நகர்ந்தே ஆக வேண்டும். யார் செய்தாலும் தப்ப முடியாது. உன் விதிப்படி ஒருமுறை நகர்ந்த பெட்டி மறுபடி நகராது. ஆகவே உன்னைவிடக் குறைவாக யாராலும் நகர்த்த முடியாது. முடிந்தது.

இரண்டே வாக்கியம், அண்ணா. கம்ப்யூட்டர் வந்தாலும் இதற்குக் கீழே போக முடியாது.

இத்துடன் கட்டுரையின் நகல் இருக்கிறது. தேவப்பிரியம் சாரிடம் கொடு. தோளைப் பற்றி நீ இவ்வளவு நாள் சொல்லவில்லை. நானும் அம்மாவிடம் சொல்லவில்லை.

மகிழினி

*

வியாசர்பாடி
30.9.2001

பாப்பாவுக்கு,

காகிதம் வந்தது. சார் ரெண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து நின்று படித்தார். “இது நாம சொல்லுத மாதிரிதாம்லே இருக்கு, ஆனா இங்கிலீசுல இருக்கு” என்றார். டோல்கேட் கடைக்கு நானே கொண்டுபோய் பம்பாய்க்கு ஃபேக்ஸ் போட்டேன். காகிதம் உள்ளே போய் அப்படியே வெளியே வந்ததும் போகவில்லை என்று நினைத்து மறுபடி போட்டேன். அவர்களிடம் இரண்டு இருக்கும்.

கேரம் கிளப்பில் ஒரே கலாட்டா. டில்லிபாபு சொல்கிறான்: “இன்னா பீமு, பொட்டி அடுக்கறதுக்கு உன் தங்கச்சி சர்டிபிகேட் குட்த்துக்கீதாமே. எங்கம்மா கொழாயாண்ட பத்து கொடம் அடுக்குது, அதுக்கும் ஒண்ணு எய்தி வாங்கிக் குடு நைனா.” ஜாபர் பாய் அவனை விடவில்லை. “கொடத்துக்கு லாரி வந்து நிக்குமாடா? போய் ஸ்ட்ரைக்கர புடி” என்றார்.

அப்பா அந்தக் காகிதத்தின் ஜெராக்ஸைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். அவருக்குப் படிக்க வராது. ஆனால் தேடினார். “பீம்ராவ்னு எங்க இருக்கு?” என்று கேட்டார். நானும் பார்த்தேன். ‘ஒரு யார்டு தொழிலாளியின் விதி’ என்றுதான் சார் அர்த்தம் சொன்னார். அண்ணன் என்றும் இல்லை, பேரும் இல்லை. பரவாயில்லை. சும்மா கேட்டேன்.

அண்ணன்

*

நாக்பூர்
28.10.2001

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்திருக்கிறேன். கட்டுரை திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது வாக்கியத்துக்குக் கீழே சிவப்பு மையில் மேடம் எழுதியிருப்பது ஒரே ஒரு சொல். ஏன்?

ஒருமுறை நகர்ந்த பெட்டி மறுபடி நகராது. ஏன்? நீ சொன்னாய், அதனால். நீ ‘தொட்டதில்லை’ என்று எழுதினாய். நான் அதை ‘தொட வேண்டியதில்லை’ என்று எழுதிவிட்டேன். பின்னால் போகும் பெட்டிகள் மட்டுமே உள்ள அடுக்கு கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று உன்னைக் கேட்கவே இல்லை. எப்போதும் கிடைக்கும் என்பதுபோல நீ எழுதியிருந்தாய், நானும் நம்பிவிட்டேன்.

மேடம் கரும்பலகையில் ஆறே பெட்டிகள் வரைந்தார். கேரம் காய்களில் எண் எழுதி நீயே அடுக்கிப் பார். முதல் அடுக்கில் மேலிருந்து கீழே 3, 5, 4, 1. இரண்டாவதில் 6 மட்டும். மூன்றாவதில் 2 மட்டும். ஒன்றிலிருந்து வரிசையாக வெளியே போக வேண்டும். வேறு இடம் கிடையாது.

உன் விதிப்படி 3 போய் 6-ன்மேல் உட்காரும். சரியான இடம். பிறகு 5-க்கும் 4-க்கும் இடமில்லை. இருப்பதில் கடைசியாகக் கலையும் அடுக்கு அதுதான் என்று 3-ன்மேலேயே வைப்போம். 1 போகும், 2 போகும். 3 போக வேண்டும் என்றால் அந்த இரண்டையும் மறுபடி நகர்த்த வேண்டும். மொத்தம் ஐந்து.

இப்போது 3-ஐ வேண்டுமென்றே தப்பான இடத்தில், 2-ன்மேல் வை. 5 போய் 6-ன்மேல், 4 அதன்மேல். 1 போனதும் 3-ஐ மட்டும் ஒருமுறை நகர்த்தினால் போதும். மொத்தம் நான்கு. தெரிந்தே ஒரு தவறு செய்தால் ஒரு நகர்த்தல் மிச்சம்.

வெள்ளிக்கிழமை தீட்சை பூமிக்குப் போனேன். லட்சக்கணக்கில் மனிதர்கள். நம்மைப் போன்ற முகங்கள், எனக்குத் தெரியாத மொழியில் பேசிக்கொண்டு. அங்கே நின்றும் எனக்கு ஆறு பெட்டிகளைத் தவிர எதுவும் தோன்றவில்லை. அப்பாவிடம் போனேன் என்று மட்டும் சொல்.

பெயரைப் பற்றி. ‘என் அண்ணன்’ என்று எழுதினால் அண்ணன் என்ன வேலை செய்கிறார் என்று வகுப்பில் கேட்பார்கள் என்று எழுதவில்லை. வேறு காரணம் இல்லை.

அந்தக் காகிதத்தைத் தேவப்பிரியம் சாரிடமிருந்து எப்படியாவது திரும்ப வாங்கிவிடு. அது தவறு. பம்பாயில் யாராவது அந்த ஆறு பெட்டிகளை வரைந்து பார்த்தால் உன்னைத்தான் கேட்பார்கள்.

மகிழினி

*

வியாசர்பாடி
6.11.2001

மகிழினிக்கு,

காய்களில் சாக்பீஸால் எண் போட்டு அடுக்கிப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரிதான் வருகிறது. ஆனால் இந்த ஆறு பெட்டியை உன் மேடம் எந்த யார்டில் பார்த்தது?

எங்கள் யார்டில் நாலாம் வரிசை எப்போதும் காலி. கஸ்டம்ஸ் ஆபீசர் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு என்று தரையில் பன்னிரண்டு பெட்டி இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அவர் செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம் வருவார். மற்ற நேரத்தில் அது என் இடம். அடுக்கு கிடைக்காத பெட்டியை அங்கே தரையில் தனியாக வைப்பேன். அதன் தலையில் எதுவும் ஏறாது, அதுவும் எதன் தலையிலும் ஏறாது. நேரம் வந்ததும் அங்கேயிருந்தே லாரியில் ஏறிவிடும். இதைப் போய் எழுதுவார்களா? வாசல் இருக்கிறது என்று யாராவது எழுதுவார்களா?

நீ ஒரு நாளும் யார்டுக்கு வந்ததில்லை. நான் கூட்டிப்போனதும் இல்லை, அது என் தப்பு.

காகிதத்தைத் திரும்பக் கேட்க மாட்டேன். நாலு பேர் முன்னால் கொடுத்தேன். என் தங்கச்சி எழுதியது தப்பாம் என்று போய் நிற்கச் சொல்கிறாயா? கேட்பவனுக்குத் தெரியாமல் இருக்கத்தான் நீ என் பேரைப் போடவில்லையே. பிறகு என்ன கவலை.

பீம்ராவ்

*

நாக்பூர்
18.11.2001

அன்புள்ள அண்ணா,

கடைசி வரிக்கு நான் பதில் எழுத மாட்டேன். நீ எழுதியது சரிதான்.

ஆனால் நாலாம் வரிசை! நீ கோபத்தில் எழுதிய அந்தப் பத்தியைப் படித்துவிட்டு அப்படியே மேடம் அறைக்கு ஓடினேன். தரையில் தனியிடம் இருந்தால், அங்கே வைத்த பெட்டியை மறுபடி நகர்த்த வேண்டியதே இல்லை. அப்போது என் இரண்டாவது வாக்கியம் உண்மை. உடைந்தது நிரூபணம் இல்லை, அதன் முன்னால் நான் எழுதாமல் விட்ட ஒரு வரி. ‘நான்காம் வரிசையில் பன்னிரண்டு இடங்கள் காலியாக இருக்குமானால்.’ ஒரே நேரத்தில் இடமில்லாமல் நிற்கும் பெட்டிகள் பன்னிரண்டைத் தாண்டாதவரை உன்னை யாராலும் வெல்ல முடியாது.

மேடம் படித்தார். ஒன்றும் எழுதாமல் டிக் போட்டார். நான் தேறிவிட்டேன்.

வரிசை காலியாக இல்லாவிட்டால் எது சரியான விதி என்று கேட்டேன். எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர, எப்போதும் சரியாகச் சொல்லும் சுருக்கு வழி தனக்குத் தெரியாது என்றார். நாற்பது பெட்டிக்கு எல்லா வழிகளையும் பார்ப்பது எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. அவர் சொன்ன விதம், மழை வரும் வராது என்பதுபோல இருந்தது.

புதிய நகல் இத்துடன். பழையதை நீ திரும்பக் கேட்க வேண்டாம். இதைக் கொடுத்து, இதுதான் முழுசானது என்று சொன்னால் போதும். தலைப்பைப் பார். ‘பீம்ராவ் அப்பாவு விதி.’ உன் பெயரோடு அப்பா பெயரும். அடியில், ‘இவர் என் அண்ணன்.’ அப்பாவுக்கு விரலை வைத்துக் காட்டு.

மகிழினி

*

வியாசர்பாடி
20.1.2002

பாப்பாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உன் இரண்டாவது காகிதத்தைக் கொடுத்தேன். பேர் இருந்ததால்தான் கொடுத்தேன். இல்லாவிட்டால் பெட்டியில் வைத்திருப்பேன். சாருக்கும் சந்தோஷம், அன்றைக்கே ஃபேக்ஸ் போனது. பத்து நாள் கழித்து பம்பாயிலிருந்து ஒருவர் வந்தார். டை கட்டின சின்ன வயசு ஆள், மரியாதையாகப் பேசினார். காகிதத்தை எடுத்து உன் முதல் வரியில் பேனாவை வைத்தார். பன்னிரண்டு இடம் காலியாகவா இருக்கிறது, எங்கே காட்டுங்கள் என்றார்.

நான்தான் கூட்டிப்போய்க் காட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடி வைத்து அளந்தார்கள். கஸ்டம்ஸ்காரர்களிடம் பேசி, திறந்து பார்க்கிற வேலையை கேட்டுக்கு வெளியே ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாலாம் வரிசையில் இப்போது நாலடுக்கு, நாற்பத்தெட்டு பெட்டி. அத்தனை வருஷம் அந்த இடம் காலியாக இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லையாம். “எங்களுக்கே தெரியாதத உங்க தங்கச்சி எழுதியிருக்காங்க” என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மூன்று வாரமாக ஒரே பெட்டியை இரண்டு தடவை, மூன்று தடவை நகர்த்துகிறேன். லாரி வரிசை ஹைரோடு வரைக்கும் நிற்கிறது. ஜாபர் பாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டே தூக்குகிறார். திட்டினால் தேவலை. ஒரு டிரைவர் மட்டும் கேட்டான்: “யோவ், அத இப்பதான அங்க வெச்ச? அதுக்குள்ள இன்னாத்துக்கு எட்த்துகினு கீற?”

எத்தனை தடவை நகர்ந்தது என்று தேவப்பிரியம் சார் தினமும் எண்ணி பம்பாய்க்கு அனுப்புகிறார். அனுப்பாவிட்டால் அவருக்கு வேலை இல்லை. கம்ப்யூட்டர் தள்ளிப்போய் பிப்ரவரி நாலாம் தேதி வருகிறது. வரிசை காலியாக இல்லாதபோது எங்கே வைப்பது என்று ஏதாவது தெரிந்தால் அதற்குள் எழுது.

அண்ணன்

*

நாக்பூர்
28.1.2002

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்ததிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை. ஒரு விதி, அது தப்பாகிற ஓர் அடுக்கு. இன்னொரு விதி, அதற்கும் ஓர் அடுக்கு. பதினொரு விதிகள் எழுதினேன், பதினொன்றையும் நானே உடைத்தேன். தவறு என்று வைத்துக்கொண்டு தொடங்க இப்போது எனக்கு நன்றாக வருகிறது.

ஒன்று மட்டும் சொல்லலாம். பெட்டி வைப்பதற்கு முன்னால், மேலே இருப்பதை மட்டும் பார்க்காமல் அதன்கீழே அடுத்து வருகிற இரண்டையும் பார். சின்ன எண் ஒன்றைத் தப்பான இடத்தில் வைத்தால் பெரிய எண்கள் சரியாக அமையுமா என்று பார். சில நாள் உதவும். எல்லா நாளும் உதவும் என்று என்னால் எழுதித் தர முடியாது. பொய்யாக எழுதித் தந்தால் உனக்கு வேலை நிற்கும் என்றால் எழுதுவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். எழுதுவேன். ஆனால் அதை நம்பக்கூடியவர்கள் இனி இல்லை.

அந்த ஒரு வரி இல்லாமல் நிரூபணம் பொய். அந்த வரி இருந்ததால் அது உண்மையாக இருந்த இடம் போய்விட்டது. இதை மேடத்திடம் சொன்னேன். உன் அண்ணனுக்கு வயது என்ன என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன்.

நான் ஊருக்கு வரட்டுமா? வந்தால் என்ன செய்வேன் என்று தெரியாமல்தான் கேட்கிறேன்.

மகிழினி

*

வியாசர்பாடி
24.2.2002

பாப்பாவுக்கு,

வராதே. பரீட்சையை எழுது.

உன் கடிதம் ஒன்றாம் தேதி வந்தது. நீ சொன்ன மாதிரி மூன்று நாள் பார்த்தேன். குறைந்தது. அதை எண்ணி அனுப்புவதற்குள் நாலாம் தேதி வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் ஏசி ரூமில் இருக்கிறது. காலையில் ஒரு நீளக் காகிதம் துப்புகிறது, ஜாபர் பாய் அதைப் பார்த்துத் தூக்க வேண்டும். நான் மேலே, கொக்கி மாட்ட. அம்மாவிடம் சூபர்வைசர் வேலை என்று சொல்லியிருக்கிறேன். உயரத்தில் இருப்பதால் அது முழுப் பொய்யும் இல்லை.

முதல் நாளே ஜாபர் பாய் கீழேயிருந்து கத்தினார்: “இன்னாபா பீமு, அப்படியே நீ வெக்கிற மாதிரியே வெக்குது?” ஆமாம் பாப்பா. அதே விதிதான். பின்னால் போகிற அடுக்கு இருந்தால் அதன்மேல், இல்லாவிட்டால் கடைசியாகக் கலைகிற அடுக்கின்மேல். உன் காகிதத்திலிருந்து எடுத்தார்களோ, எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றுமோ, தெரியவில்லை. அதுவும் ஒரே பெட்டியை இரண்டு தடவை நகர்த்துகிறது. ஆனால் இப்போது யாரும் எண்ணவில்லை.

நேற்று மத்தியானம் நாலாம் வரிசை அடுக்கின்மேல் நின்றிருந்தேன். மேலிருந்து முழு யார்டும் தெரியும், லிஸ்ட் எனக்கு மனப்பாடம். உன் மேடத்தின் ஆறு பெட்டி வந்தது. வேறு நம்பர், ஆனால் அதே அமைப்பு. மூன்றை ஆறின்மேல் வை என்று காகிதம் சொல்லியிருந்தது. ஜாபர் பாய் கிரேனைத் திருப்பினார். தப்பான இடத்தில், இரண்டின்மேல் வைத்தால் நாலு தடவையில் முடிந்திருக்கும். கத்தினால் அவருக்குக் கேட்கிற தூரம்தான். கேட்டு என்ன, அவர் காகிதத்தை மீறினால் நாளைக்கு அவரும் என்னோடு மேலே நிற்பார்.

கொக்கி நாலையும் மாட்டிவிட்டு, தூக்கலாம் என்று வலது கையை உயர்த்திக் காட்டினேன்.

ஐந்து ஆனது.

அண்ணன்